ஓலப்பாறைச் சந்தை நிலவரம்

ஓலப்பாறை மாட்டுச் சந்தையில், ஆடி மாதத்து மூன்றாவது வியாழக்கிழமை, காலை ஏழே முக்கால் மணிக்குத் துண்டுக்கு அடியில் இருந்த கைகளில் ஒன்றுகூடத் திரும்பி வெளியே வரவில்லை. பதினேழு துண்டுகள், பதினேழு தரகர்கள், மாடு விற்க வந்த பதினேழு குடியானவர்கள். எந்தக் கை எந்தக் கையை எத்தனை விரலில் பிடித்திருந்ததோ அந்தப் பிடியிலேயே நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தார்கள், விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், சுங்கக் கொட்டகைக்காரர் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தார், துண்டையாவது உருவிவிடலாம் என்று நாலு பேர் சேர்ந்து இழுத்ததில் ஆட்கள் சாய்ந்தார்களே தவிர துண்டு வரவில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் சந்தை அதைப் பழகிக்கொண்டது. டீக்கடைக்காரர் இடது கையில் வாங்கிக்கொள்ளத் தோதாக டம்ளரை நீட்டத் தொடங்கினார்.

சந்தை தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஓலப்பாறையில் மாட்டு விலையை வாயால் சொல்வது கிடையாது. தரகர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து விரிப்பார், விற்கிறவர் அதற்குள் கையை விடுவார், தரகரும் விடுவார், உள்ளே விரல்கள் பேசும். முழுக் கையைப் பற்றினால் ஐம்பதாயிரம், ஒரு விரலைப் பிடித்தால் பத்தாயிரம், விரலைப் பாதியில் மடக்கினால் ஐந்தாயிரம், நகத்தை அமுக்கினால் ஆயிரம். வெளியே முகத்தில் ஒன்றும் தெரியாது, இருவரும் மழை வருமா என்று பார்க்கிறவர்களைப் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பேசி முடிந்ததும் அதே தரகர் அதே துண்டை எடுத்துக்கொண்டு, முப்பது அடி தள்ளி லாரிக்குப் பக்கத்தில் நிற்கிற வியாபாரியிடம் போவார், அங்கே வேறு கை, வேறு விரல், வேறு விலை. அந்த முப்பது அடி தூரத்தில் மாட்டின் விலை எவ்வளவு வளர்ந்தது என்பது தரகருக்கு மட்டும்தான் தெரியும். விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது, மாட்டுக்கு எப்போதுமே தெரியாது.

துளசிமணியின் வேலை அந்த விலையை எழுதி அனுப்புவது. விலை நிலவரம் சேகரிக்கிற ஆபீஸில் அவள் ஏழு வருடமாக ஒப்பந்த ஊழியர். திங்கள் பருத்தி, செவ்வாய் மஞ்சள், புதன் ஆட்டுச் சந்தை, வியாழன் ஓலப்பாறை. பருத்தியும் மஞ்சளும் கண்ணுக்கு எதிரே ஏலம் போகும், எழுதுவதில் சிரமம் இல்லை. ஓலப்பாறைக்கு வந்த முதல் வியாழக்கிழமை, விலையைத் தெரிந்துகொள்ள வேண்டுமே என்று அவள் ஒரு துண்டுக்குள் கையை விடப் போக, சந்தையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பொம்பளைப் பிள்ளை துண்டுக்குள் கை விடுவதாவது என்றார்கள். அப்போது பெரிய தரகர் சென்னியப்பன்தான் எல்லோரையும் அதட்டி, டீக்கடையில் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போடச் சொல்லி, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, வெயிலில் நீ எதற்கு அலைகிறாய் அம்மிணி, விலையை நான் சொல்கிறேன், நீ எழுதிக்கொள் என்றார். சென்னியப்பனுக்கு அவர் இவர் என்று மரியாதை எதற்கு என்று கேட்பீர்களானால், அது அவருடைய வயதுக்கு மட்டும்தான்.

முதலில் அவர் சந்தை கலைந்த பிறகு, பத்து மணிக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஆபீஸில் சீக்கிரம் கேட்கிறார்கள் என்று அது எட்டு மணியானது. பிறகு ஏழு பத்து பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதே காலுக்குத்தான் என்று ஆறரை மணியானது. ஆறரைக்குச் சந்தையில் மாடே வந்திருக்காது, சுங்கக்காரர் அப்போதுதான் கயிறு கட்டிக்கொண்டிருப்பார், ஆனால் துளசிமணியின் படிவத்தில் ஜோடி எருது, கறவை மாடு, கிடாரி என்று எல்லாக் கட்டங்களிலும் விலை ஏறி உட்கார்ந்திருக்கும். அதைச் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு ரேடியோ படிக்கும். கேட்ட குடியானவர் அடுத்த வியாழன் மாட்டை ஓட்டிக்கொண்டு வரும்போது அந்த எண்ணையும் கூடவே ஓட்டிக்கொண்டு வருவார். துண்டுக்குள் அதைவிட ஒரு அரை விரல் கூடக் கிடைத்தால், ரேடியோவையே ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்கு மிக்சர் பொட்டலம் வாங்கிக்கொண்டு போவார். இப்படி ஏழு வருடம், வாரம் தவறாமல், ஒரு ஊரின் தலையில் மிளகாய் அரைக்க அம்மியும் குழவியுமாக இருந்தது துளசிமணியின் பேனா. அவளுக்கு இது தெரியாது என்று சொன்னால் பொய். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று டீயைக் குடித்துக்கொண்டு இருந்தாள் என்பதுதான் சரி.

அந்த ஆடி வியாழனன்று அவள் வழக்கம்போல ஆறரைக்கே எழுதி முடித்துவிட்டாள், ஜோடி எருது எண்பத்தைந்தாயிரம். ஆனால் ஏழு பத்து பஸ்ஸில் போகவில்லை, அவளுடைய அண்ணன் மாரப்பன் தன் மயிலை எருதுகளை விற்க ஓட்டி வந்திருந்தான். மூன்று வருடமாக மழை இல்லை, சோளத்தட்டு இல்லை, காய்ந்த வேலியைக் கடித்துக்கொண்டு நின்ற எருதுகளை இதற்கு மேல் வைத்துக் காப்பாற்ற அவனால் முடியவில்லை. அவற்றை விற்று வருகிற பணத்தில் கிணற்றை ஆழப்படுத்தினால்தான் பூமி அவன் கையில் நிற்கும். முதல் நாள் போன் போட்டு, என்ன விலை போகிறது கண்ணு என்று தங்கையைத்தான் கேட்டான். அவளும் எண்பத்தைந்து என்றாள். ரேடியோ சொன்னால்கூட அவன் சந்தேகப்பட்டிருப்பான், தங்கை சொன்னாள் என்று நம்பினான்.

சென்னியப்பன் மாரப்பனின் கையைத் துண்டுக்குள் வாங்கி முழுக் கையை ஒரு தடவை பற்றினார், பிறகு நாலு விரலைப் பிடித்தார். தொண்ணூறு. மாரப்பன் வானத்தைப் பார்த்தபடி தலையாட்டப் போனான். அந்த நேரத்தில்தான் பதினேழு துண்டுகளும் இறுகின. டீக்கடை வாசலில் நின்ற துளசிமணிக்குத் தன் வலது கையின் நாலு விரல்களை யாரோ பிடித்த மாதிரி ஒரு வலி வந்தது, சூடான டம்ளரைப் பிடித்ததால் இருக்கும் என்று அவள் கையை உதறிக்கொண்டாள்.

அன்று ஓலப்பாறையில் ஒரு ஜோடி எருதுகூடக் கைமாறவில்லை. ஒரு கன்றுக்குட்டிகூட விற்கவில்லை. சாயங்காலம் ஆறே முக்காலுக்கு, மாரப்பன் வீட்டு வாசலில் ஒரே கயிற்றுக் கட்டிலில் மாரப்பனும் சென்னியப்பனும் ஒட்டி உட்கார்ந்திருக்க, ஜன்னலில் இருந்த ரேடியோ, ஓலப்பாறைச் சந்தை, ஜோடி எருது எண்பத்தைந்தாயிரம் என்று கணீரென்று படித்தது. துளசிமணி காலையில் எழுதிய படிவத்தை மறந்துபோய் அப்படியே அனுப்பியிருந்தாள். கை பழகிவிட்டிருந்தது. சென்னியப்பன் கட்டிலே ஆடும்படி சிரித்தார்.

"கேட்டுக்கிட்டயா மாரப்பா? உன்ற தங்கச்சியே சொல்லீருச்சு. நான் அஞ்சு சேத்தித்தான் உனக்குக் குடுத்திருக்கறேன்."

மாரப்பன் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்த தங்கையைத் திரும்பிப் பார்த்தான். அவளுக்கு வந்த கோபம் முதலில் சென்னியப்பன் மேல்தான் வந்தது, அப்படி வருவதுதான் வசதி.

ஊர் பதினேழு ஜோடிகளையும் இடுப்பில் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொள்வதுபோல ஏற்றுக்கொண்டது. பஸ் கண்டக்டர் ஒரு துண்டுக்கு ஒன்றரை டிக்கெட் என்று கணக்கு வைத்தார். மாரியம்மன் கோயில் பூசாரி ஒரு துண்டுக்கு ஒரு தேங்காய் போதும் என்று சொல்லிவிட்டார். அரசாங்க டாக்டர் துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் களிம்பு எழுதிக் கொடுத்தார், எங்கே தடவுவது என்று கேட்டதற்கு மேலாகத் தடவுங்கள் என்றார். தரகர்களின் பெண்டாட்டிகள் குடியானவர் வீட்டுக்கும், குடியானவர் பெண்டாட்டிகள் தரகர் வீட்டுக்கும் அடுக்குச் சட்டியில் சோறு கொண்டுபோனார்கள், ஒரு பூப்புச் சடங்கு வீட்டில் பெண்ணின் தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்க மேடை ஏறியபோது கூடவே ஒரு தரகரும் ஏற வேண்டியிருந்தது, போட்டோவில் அவர்தான் நடுவில் விழுந்திருக்கிறார். யாருக்கும் ஆச்சரியம் இல்லை. துண்டுக்குள் இவ்வளவு வருடம் நடந்ததைச் சகித்தவர்களுக்கு இது என்ன பெரிய அதிசயம் என்று கேட்கத் தோன்றுகிறது.

மூன்றாம் நாள் முதல் துண்டு அவிழ்ந்தது. குட்டைத் தரகர் குப்பண்ணன் ரேஷன் கடை வரிசையில் நின்று நின்று கால் கடுத்துப்போய், தன்னோடு ஒட்டிக்கொண்டிருந்த குடியானவரின் காதில், உன் கிடாரிக்கு வியாபாரி முன்கூட்டியே கொடுப்பதாகச் சொன்னது பதினெட்டு இல்லை இருபத்தேழு என்று முணுமுணுத்தார். துண்டு தானாக நழுவிக் கீழே விழுந்தது. குடியானவர் விடுபட்ட தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தக் கை செய்த முதல் வேலை குப்பண்ணன் கன்னத்தில் ஒன்று வைத்ததுதான். சேதி ஊரெல்லாம் பரவியது, வழி தெரிந்துவிட்டது, விலை கொஞ்சம் அதிகம், அவ்வளவே. அடுத்த நாலு நாளில் அதையும் சேர்த்துப் பதினாறு துண்டுகள் அவிழ்ந்தன, பதினாறு கன்னங்கள் சிவந்தன, இரண்டு தரகர்கள் கன்னத்தில் முன்கூட்டியே தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்துதான் உண்மையைச் சொன்னார்கள்.

சென்னியப்பன் மட்டும் சொல்லவில்லை. அவர் சொன்னால் ஒரு ஜோடி எருதோடு போகாது, முப்பது வருடத்து மாடுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வாசலில் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். தொண்ணூறுக்கு மேல் ஒரு காசு நான் கேட்கவில்லை, வேண்டுமானால் அரசாங்கக் காகிதத்தைப் பார் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மாரப்பனும் விடவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து கட்டுத்தறிக்கு இழுத்துப்போய் அவரை இடது கையால் சாணி வழிக்க வைத்தான். மாட்டின் வாயைப் பிளந்து பல்லை எண்ணியே பிழைத்தவருக்கு அதன் பின்பக்கத்தில் இவ்வளவு வேலை இருப்பது அறுபத்திரண்டாவது வயதில்தான் தெரிந்தது. மாட்டுக்குச் சோளத்தட்டுக் கிடைக்குமா என்று ஏழு மைல் அலைந்தார்கள், ஒரு கட்டு கிடைத்தால் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எருதுகள் இரண்டும் விலா எலும்பு தெரிய நின்றபடி தரகரையே பார்த்துக்கொண்டிருந்தன, அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடிந்தது, உடம்பைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை.

அடுத்த வியாழனன்று துளசிமணி சென்னியப்பனின் ஆள் நீட்டிய டீயை வாங்கவில்லை. அறை வாங்கிய பதினாறு தரகர்களிடமும் போனாள், மாடு விற்றவர்களிடமும் போனாள், லாரிக்காரர்களிடமும் போனாள், ஏழு வருடத்தில் முதல் முறையாகச் சந்தையின் சாணி அவள் செருப்பில் ஒட்டியது. ஜோடி எருது ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று எழுதினாள். எழுதும்போது விரல்கள் வலித்தன, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். மத்தியானம் ஆபீஸில் அவளுடைய மேலதிகாரி கூப்பிட்டு, போன வாரம் எண்பத்தைந்து இருந்தது இந்த வாரம் எப்படி இவ்வளவு ஏறும், மேலே கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். உண்மை விலை இதுதான் சார் என்றாள். உண்மை இருக்கட்டும், விலை படிப்படியாகத்தான் ஏற வேண்டும் என்று சொல்லி, அவரே பேனாவை எடுத்து எண்பத்தாறு என்று திருத்தினார். துளசிமணி படிவத்தை வாங்கி, முத்திரை வைத்து, ரேடியோவுக்கு அனுப்பிவிட்டு வந்தாள்.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். ரேடியோ படித்து முடித்திருந்தது. சென்னியப்பன் கட்டிலில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார், அண்ணி தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் சரியாகத்தான் எழுதினேன் அண்ணா, அவர்கள்தான் மாற்றிவிட்டார்கள் என்று துளசிமணி சொன்னாள். மாரப்பன் துண்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"துளசி, இதுக்குள்ள மூணாவதா ஒரு கை இருக்குது."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"என்ற கைக்கு மேல இவரு கை. இவரு கைக்கும் மேல இன்னொண்ணு. சின்னக் கை. நடுவெரல்ல பேனாப் புடிச்ச காய்ப்பு இருக்குது. மொத நாளே தெரியும், சொல்லாம இருந்தேன். இன்னைக்கு ரேடியோவுல எண்பத்தாறுன்னு சொன்னாங்கல்ல, அப்ப அந்தக் கை இன்னும் இறுக்கிப் புடிச்சுது."

"நான் எழுதுனது ஒண்ணு இருபதுண்ணா."

"எழுதுன. மாத்துனதப் பாத்துட்டு சும்மா இருந்த. முத்திரையும் நீதான வெச்ச?"

துளசிமணி தன் வலது கையைப் பார்த்தாள். அது அவள் மடியில்தான் இருந்தது, நடுவிரலில் காய்ப்பு இருந்தது, நாலு விரல்களும் ஒரு வாரமாக வலித்துக்கொண்டிருந்தன. அண்ணன் மேல் கோபம் வந்தது, இத்தனை பேர் திருடியிருக்க என் கைதான் உனக்குத் தெரிந்ததா என்று கேட்க வாய் வந்தது. அவளைக் காலேஜில் சேர்த்தது இதே கட்டுத்தறியில் நின்ற ஒரு கிடாரியை விற்றுத்தான், அதையும் இதே சென்னியப்பன்தான் துண்டு போட்டு முடித்துக் கொடுத்தார், அப்போது அண்ணன் கைக்கு வந்தது எவ்வளவு, லாரிக்காரன் கொடுத்தது எவ்வளவு என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. சொம்புத் தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போனாள். இரண்டு மைல் தூரம் தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள், ஏசுவதற்கு வேறு ஆள் மிச்சமில்லை.

அதற்கடுத்த வியாழனன்று சென்னியப்பன் இறங்கிவந்தார். மனது இளகி அல்ல. அவர் இல்லாமலே சந்தை நடக்கத் தொடங்கியிருந்தது, குப்பண்ணன் அவருடைய இடத்தில் நின்று துண்டு விரித்துக்கொண்டிருந்தார், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மாரப்பனையும் எருதுகளையும் கூட்டிக்கொண்டு சுங்கக் கொட்டகைக்கு வந்தார். காணாமல் போன கன்றுகளைப் பற்றி அறிவிக்கிற மைக் அங்கே இருந்தது, அதை இடது கையில் வாங்கினார், தொண்டையைச் செருமினார். மாரப்பனின் எருதுகளுக்கு வியாபாரி கொடுக்கிறேன் என்றது ஒன்றேகால் லட்சம், நான் மாரப்பனுக்குப் பிடித்தது தொண்ணூறு, நடுவில் இருந்தது எனக்கு என்று சொன்னார். சந்தை துண்டைப் பார்த்தது. சென்னியப்பன் கன்னத்தைக்கூடத் தயாராகக் காட்டிக்கொண்டு நின்றார்.

துண்டு விழவில்லை.

அவர் இன்னொரு தடவை சொன்னார், தேதியோடு சொன்னார், வியாபாரியின் பெயரையும் லாரி நம்பரையும் சேர்த்துச் சொன்னார். துண்டு அசையவில்லை. சொல்லிவிட்டேனே, இன்னும் என்ன வேண்டும் உனக்கு என்று மாரப்பனைப் பார்த்துக் கத்தினார். மாரப்பன் அவரைப் பார்க்கவில்லை, டீக்கடைப் பக்கம் பார்த்தான். ஒவ்வொருவராக எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

துளசிமணி படிவத்தை நாற்காலியில் வைத்துவிட்டு நடந்து வந்தாள். அவள் எதற்கு வருகிறாள் என்று தெரிந்ததும் சிலர் முணுமுணுத்தார்கள், பொம்பளை துண்டுக்குள் கை விட்டால் சந்தை விளங்காது என்று ஒரு கிழவர் சத்தமாகவே சொன்னார். இதுவரைக்கும் ரொம்ப விளங்கிவிட்டதாக்கும் என்று துளசிமணி அவருக்குப் பதில் சொல்லிவிட்டு, துண்டின் ஓரத்தைத் தூக்கி, வலது கையை உள்ளே விட்டாள். உள்ளே இரண்டு கைகள்தான் இருந்தன. மூன்றாவது கை இருந்த இடம் காலியாக இருந்தது, கதகதப்பாக இருந்தது, அவள் விரல்கள் போய்ப் பொருந்த அளவு சரியாக இருந்தது. சுங்கக்காரர் மைக்கை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"நான் துளசிமணி. ரேடியோவுல வர்ற வெலைய ஏழு வருசமா எழுதுறது நான்தான். போன வியாழன் வரைக்கும் ஒரு வாரங்கூட நான் மாட்டக் கண்ணுல பாத்து எழுதல. நீங்க மாட்ட ஓட்டிக்கிட்டு ஊட்டவுட்டுப் பொறப்படறதுக்கு முன்னாலயே உங்க மாட்டு வெலைய இவரு சொல்ல நான் எழுதீருவேன். டீ குடிச்சுக்கிட்டே எழுதுவேன். போன வாரம் நெசத்த எழுதுனேன், அத அழிச்சுப் பொய்ய எழுதுனாங்க, அந்தப் பொய்க்கு நானே முத்திர வெச்சேன். எண்பத்தஞ்சுன்னு ஒரு வெல இந்தச் சந்தையில எப்பவுமே இருந்ததில்ல."

முன் வரிசையில் நின்ற ஒருவர் தலையில் கட்டியிருந்த உருமாலை அவிழ்த்துத் தரையில் எறிந்துவிட்டு, ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அது தரகருக்கா, துளசிமணிக்கா, ரேடியோவுக்கா, ஒவ்வொரு வாரமும் மிக்சர் பொட்டலம் வாங்கிக்கொண்டு போன தனக்கா என்று தெரியவில்லை. எல்லோருக்கும் பொருந்துகிற வார்த்தைதான் அது.

மாரப்பனின் கை வெளியே வந்தது.

வெளுத்துப்போயிருந்த விரல்களை அவன் வேட்டியில் துடைத்துக்கொண்டான். யாரையும் அறையவில்லை. எருதுகளின் கயிற்றை அவிழ்த்து லாரிக்குப் பக்கத்தில் ஓட்டிப்போய், எவ்வளவு தருவதாகச் சொன்னாயோ அதை வாயால் சொல் என்று வியாபாரியைக் கேட்டான். வியாபாரி சுற்றிலும் நிற்கிற முகங்களைப் பார்த்துவிட்டு, எருது இளைத்துப்போயிருப்பதைப் பற்றி ஏதோ தொடங்கி, அதை விட்டுவிட்டு, ஒன்றேகால் லட்சம் என்று சொன்னார். ஓலப்பாறையில் வியாபாரி வாயால் சொன்ன முதல் விலை அது. மாரப்பன் இரண்டு எருதுகளின் நெற்றியையும் தடவிக் கொடுத்துவிட்டுக் கயிற்றை மாற்றினான். போகும்போது தங்கைக்கு முன்னால் நின்றான்.

"போன தை மாசம் கிட்டுச்சாமி ஜோடி எழுவத்திரெண்டுக்கு வித்தான். இப்பச் செங்கச் சூளையில மண்ணு மிதிக்கறான். அவன் ஊட்டுல போயிச் சொல்லு."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். துளசிமணி கையை வெளியே எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. அவளுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. துண்டுக்கு அடியில் இப்போது இரண்டு கைகள்தான் இருந்தன, சென்னியப்பனுடையது ஒன்று, அவளுடையது ஒன்று. சென்னியப்பன் பலமாக இழுத்தார், எண்ணெய் கேட்டார், கடவுளைக் கூப்பிட்டார், ஊர்ப் பெண் ஒருத்தியோடு கையைக் கோத்துக்கொண்டு நான் எப்படித் தெருவில் நடப்பது, மானம் போகாதா என்றார். மானத்தைப் பற்றி இவர் பேசியதைக் கேட்டுச் சந்தையில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேருக்குச் சிரிப்பு வரவில்லை.

"கிட்டுச்சாமி எருதுக்கு லாரிக்காரன் எவ்வளவு குடுத்தான்?" என்று துளசிமணி கேட்டாள்.

அவர் மறந்துவிட்டது என்றார்.

"மாட்டு வெலைய நீங்க மறப்பீங்களாண்ணா? எந்தக் கொம்பு வளஞ்சிருந்துச்சுன்னுகூடச் சொல்லுவீங்க. நடங்க."

நடந்தார்கள். சந்தையைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, ரேஷன் கடை வரிசையைத் தாண்டி, வெயிலில், சாணி அப்பிய செருப்போடு அவள் முன்னாலும் வேட்டி அவிழ அவிழ அவர் பின்னாலுமாக நடந்தார்கள். அவள் கைப்பையில் போன் அடித்தது, ஆபீஸ்தான், இன்றைய நிலவரம் இன்னும் வரவில்லையே என்று கேட்பதற்கு இருக்கும். அடித்து ஓயட்டும் என்று விட்டாள். ஏழு வருடத்தில் எத்தனை வியாழக்கிழமை, வியாழனுக்கு எத்தனை ஜோடி, ஜோடிக்கு ஒரு வீடு என்று மனதுக்குள் பெருக்கிப் பார்க்கத் தொடங்கி, பாதியிலேயே கோபத்தில் கணக்கை விட்டுவிட்டாள். அத்தனை வீட்டுக்கும் இந்த ஆளை இழுத்துக்கொண்டு போவது என்று மட்டும் தீர்மானமாக இருந்தது.

கிட்டுச்சாமி வீட்டில் அவன் இல்லை, சூளைக்குப் போயிருந்தான். அவன் பெண்டாட்டி மயிலாத்தாள் வாசலில் உட்கார்ந்து கூலிக்குக் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கட்டுத்தறி காலியாக இருந்தது, தாம்புக் கயிறு இரண்டும் சுருண்டு ஆணியில் தொங்கின, எருதுகள் தண்ணீர் குடித்த தாழியில் இப்போது விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். துண்டோடு வந்து நின்ற இருவரையும் அவள் நிமிர்ந்து பார்த்தாள், உட்காரச் சொல்லவில்லை.

துளசிமணி துண்டை ஒரு இழுப்பு இழுத்தாள். சென்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, உங்கள் எருதுக்கு வியாபாரி கொடுத்தது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்றார்.

மயிலாத்தாளின் கை நின்றது. மடியில் இருந்த கடலைக்காயைக் கூடையில் கொட்டிவிட்டு எழுந்தாள். "காதுல சரியா வுழுகல," என்றாள். "இன்னொருக்காச் சொல்லுங்க."

அவர் சொன்னார். ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

"அக்கம்பக்கத்துல கேக்கறாப்பல சொல்லுங்க."

அவர் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது, அடுத்த வீட்டில் அரைத்துக்கொண்டிருந்த ஆட்டுக்கல் சத்தம் நின்றது, வேலியோரமாக நாலைந்து பேர் வந்து சேர்ந்தார்கள், அவர்களில் இரண்டு பேர் வீட்டிலும் கட்டுத்தறி காலிதான். மயிலாத்தாள் காலித் தறிக்குள் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து, இன்னொருக்காச் சொல்லுங்க என்றாள். சென்னியப்பன், போதும், நிறுத்தச் சொல் அம்மிணி என்று கெஞ்சுகிற முகத்தோடு துளசிமணியைப் பார்த்தார்.

துண்டுக்கு அடியில் அவள் அவருடைய விரல்களை இறுக்கிப் பிடித்தாள்.

"சொல்லுங்க," என்றாள்.